மார்கழி விரால்

தற்பெருமை பேசக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நான் பெரும்பாலும் கடைப்பிடித்தே வந்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னால் முடியாது. மார்கழிக் குளிரில், ஏரி நிரம்பிக் கிடக்கும்போது, ஓடும் தெப்பத்தின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய் மூன்று கிலோ இருநூறு கிராம் விராலைப் பிடித்தவள் நான். கோவில்பதாகைப் பக்கம் போய் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள், ஏனென்றால் ஏரியைக் குத்தகை எடுத்திருக்கிற ஏரிக்காரர் நான் அந்த மீனோடு நிற்கிற போட்டோவை இன்னும் தன் செல்போன் முகப்பில் வைத்திருக்கிறார்.

எனக்கு வயது நாற்பத்தாறு. அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதையே வீட்டில் சம்பளம் இல்லாமல் செய்கிறேன் என்பது என் கணவரின் புகார். குடியிருப்பது பட்டாபிராமில், மூன்றாவது மாடியில். பிறந்து வளர்ந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று சொல்லிக் கொண்டாடுகிற மீனை நாங்கள் சீலா என்போம். அப்பா சீலா பிடிப்பதில் பெயர் பெற்றவர்.

சீலா வேகமாக ஓடுகிற மீன். அதை உட்கார்ந்த இடத்தில் தூண்டில் போட்டுப் பிடிக்க முடியாது. வள்ளம் ஓடும்போது பின்னால் நீளமாகக் கயிற்றை விடுவார்கள். நுனியில் முள்ளோடு ஒரு பளபளப்பான தகடு இருக்கும். அதைச் சின்ன மீன் என்று நினைத்துச் சீலா துரத்திக்கொண்டு வந்து கவ்வும். கயிற்றின் இந்தப் பக்கம் அப்பாவின் விரலில் சுற்றியிருக்கும். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்ததில்லை. சாப்பிட்ட பிறகு அப்பா கையை வீசி வீசிச் சொல்லும்போது கேட்டதுதான். பெண் பிள்ளை ஏறினால் வள்ளத்துக்கு ஆகாது என்பது ஊர் வழக்கம். நான் எத்தனையோ தடவை அழுது பார்த்தும் கரையோடு சரி.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. குழம்பில் மீன் தலை யாருக்கு என்பதில் பேச்சே கிடையாது. பிடித்தவருக்குத்தான் தலை. அப்பா தட்டில் எப்போதும் தலை இருக்கும். என் தம்பி பதினாலு வயதில் முதல் தடவை கடலுக்குப் போய் வந்த அன்று அவன் தட்டிலும் ஒரு தலை விழுந்தது. எனக்கும் அக்காவுக்கும் நடுத்துண்டு. அம்மா எப்போதும் வால்தான் சாப்பிடுவாள். முள் நிறைய, சதை கொஞ்சம். எனக்குத் தலை கிடையாதா என்று நான் ஒருநாள் சண்டை போட்டபோது, "பிடிச்சிட்டு வா, தாரேன்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வராது.

நான் தூண்டிலைத் தொட்டது நாற்பது வயதுக்கு மேல்தான். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடக்கப் போனபோது, அலுவலகம் போகிற வயதுப் பையன்கள் வரிசையாக நின்று தூண்டிலில் ரப்பர் தவளையைக் கட்டி வீசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். அவர்கள் செய்த தப்புகளை மனசுக்குள்ளேயே பட்டியல் போட்டேன். மறுவாரம் எனக்கும் ஒரு கம்பும் ரீலும் ஆன்லைனில் வந்து இறங்கின. கணவர்தான் பெட்டியைப் பிரித்துக்கொடுத்தார். ஊரில் அப்பா மட்டும் போனில் சிரித்தார். "ஏரியில தூண்டி போடுதியாமே. சேத்து மீனெல்லாம் ஒரு மீனா?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த அப்பாவுக்குப் போன மார்கழியில் குடலிறக்க ஆபரேஷன். அம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது. தம்பி வெளிநாட்டில், அக்கா மாமியார் வீட்டில். ஆகவே பட்டாபிராமுக்குக் கூட்டிவந்து இங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். சர்க்கரை வேறு இருப்பதால் தையல் போட்ட இடம் மூடவில்லை, ஓரத்தில் கசிந்துகொண்டே இருந்தது. மருந்து ஒரு பக்கம், உடம்புக்குச் சத்து வேண்டும், நன்றாகச் சாப்பிட்டால்தான் சதை சேரும் என்றார் டாக்டர். அப்பாவோ இரண்டு கரண்டிக் கஞ்சியோடு தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். முட்டை என்றால் வாடை. கோழி என்றால் ஊசி போட்ட கோழி. கடையில் வாங்கிய வஞ்சிரத்தை மோந்து பார்த்துவிட்டு, "இது ஐசுல எத்தன நாள் கெடந்துச்சோ" என்றார். ஒரு வியாழக்கிழமை கட்டுப் பிரித்துப் பார்த்த டாக்டர் முகம் சுளித்தார். திங்கட்கிழமை வரை பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் மறுபடி அட்மிட் செய்து பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். எழுபத்தைந்து வயது உடம்பு இன்னொரு தடவை கத்தியைத் தாங்குமா என்று நான் கேட்டேன். அவர் மாத்திரை எழுதினார்.

கீழ்வீட்டு அக்காதான் விரால் பேச்சை எடுத்தார். இந்தப் பக்கம் ஆபரேஷன் ஆனவர்களுக்கு விரால் கொடுப்பது பழக்கம். புண் சீக்கிரம் ஆறும் என்பார்கள். ஆவடி மார்க்கெட்டில் போய் உயிரோடு ஒன்று வாங்கி வந்து மிளகு, பூண்டு போட்டுக் காரமில்லாமல் குழம்பு வைத்தேன். அப்பா ஒரு வாய் வைத்தார். "தொட்டியில தீனி போட்டு வளத்தது. இதத் திங்கதுக்குப் பட்டினி கெடக்கலாம்" என்று துப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது தொட்டி விரால்தான், கடைக்காரரே சொல்லித்தான் விற்றார். கோடையில் ஏரி வற்றும்போது வலை போட்டால் ஏரி விரால் கிடைக்கும். மழை பெய்து ஏரி நிரம்பிவிட்டால் அது வலைக்குச் சிக்காது.

வெள்ளிக்கிழமைக்கு லீவு சொன்னேன். விடிவதற்கு முன் கம்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். கையில் மூன்று காலைகள் இருந்தன.

சென்னைக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழியில் சூரியன் வருமுன் ஏரித் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் பிறகு பேசட்டும். பனி மூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை. மிலிட்டரி சைடிங் தண்டவாளப் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. கணவரின் மப்ளரைத் தலையில் சுற்றியிருந்தும் காது வலித்தது. ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கிற ஏரிக்காரர் கரையில் சுள்ளி போட்டுக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். நாற்பதை ஒட்டிய வயது, நல்ல மனுஷர், நான் வந்துபோவதை இரண்டு வருஷமாகப் பார்க்கிறவர். அவர் விட்ட கெண்டைக் குஞ்சுகளை விரால் தின்றுவிடுகிறது என்று அவருக்கு அதன்மேல் தீராத பகை. அதனால் விரால் பிடிக்க வருகிறவர்களை அவர் தடுப்பதில்லை.

"இன்னா மேடம், இந்தக் குளுர்ல வந்துகீறீங்கோ? விராலு இப்ப வாயத் தொறக்காது. அடில போய் கம்முனு கெடக்கும்."

"எனக்கு ஒண்ணு வேணும். அப்பாவுக்கு."

ஆபரேஷனையும் திங்கட்கிழமையையும் சொன்னேன். அவர் பீடியைத் தீயில் போட்டார். "பெர்சு ஒண்ணு கீது மேடம். மதகாண்ட. ரெண்டு வர்சமா எனக்கே டிமிக்கி குட்த்துகினு கீது. அத்த புட்ச்சிட்டீங்கன்னா நானே உங்க ஊட்டாண்ட வந்து குழம்பு வெச்சித் தரேன்" என்றார்.

மதகுப் பக்கம் போய் ரப்பர் தவளையை வீசினேன். ஒரு மணி நேரத்தில் ஐம்பது தடவையாவது வீசியிருப்பேன். தண்ணீர் அசையவில்லை. மற்றவர்களாக இருந்தால் இன்னும் ஐம்பது தடவை வீசியிருப்பார்கள். நான் கம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தேன். என் தொழிலில் முதல் பாடம் அது. ஒன்று வேலை செய்யவில்லையென்றால் அதையே திரும்பத் திரும்பச் செய்யாதே, என்ன நடக்கிறது என்று பார்.

விரால் மற்ற மீனைப் போல அல்ல. தண்ணீரில் இருக்கிற காற்று அதற்குப் போதாது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுத்தான் போகும். எவ்வளவு குளிர் அடித்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது. தண்ணீர் மேல் முதல் வளையம் மதகிலிருந்து முப்பதடி தள்ளி வந்தது. செல்போனில் நேரத்தைக் குறித்தேன். அடுத்தது வெகு நேரம் கழித்து வந்தது, கொஞ்சம் தள்ளி. மூன்றாவது இன்னும் தள்ளி, மூழ்கிக் கிடந்த கருவேல மரத்தை நோக்கி. ஒவ்வொரு தடவையும் பெரிய மூக்கு ஒன்று மெதுவாக மேலே வந்து மெதுவாகவே போனது. எட்டரை மணிக்கெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. அது சும்மா கிடக்கவில்லை. மதகுக்கும் மரத்துக்கும் நடுவே, பழைய வாய்க்கால் பள்ளத்தில், அடியோடு போய்ப் போய் வருகிறது. காற்றுக்கு மட்டும்தான் மேலே வரும், தீனிக்கு வராது. தீனி அது இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். கரையிலிருந்து வீசினால் பள்ளத்தைக் குறுக்கே தாண்டிவிடும். பள்ளத்தின் நீளத்துக்கு, அடியோடு இழுத்துக்கொண்டே போனால்?

சீலாவுக்குப் போகிற மாதிரி. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடானது.

ஏரிக்காரரின் ஃபைபர் தெப்பத்தைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை. கடலோரம் பிறந்தவள், கடலுக்குப் போன வீட்டுப் பெண், நாற்பத்தாறாவது வயதில் ஆவடி ஏரித் தெப்பத்தில் முதல் தடவை கால் வைத்தேன். தெப்பம் ஒரு ஆட்டு ஆட்டியது. "இன்னா மேடம், பயமா?" என்றார். "ஓட்டுங்க" என்றேன்.

அன்றைக்குத் தப்பு செய்தேன். சீலா கணக்கில் வேகமாகப் போகச் சொன்னேன். அவர் மூச்சு வாங்கக் கழி போட்டார், நான் தகடு கட்டிய தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு இழுத்தேன், பகல் பத்து மணி வரை பள்ளத்தில் மேலும் கீழும் போய் வந்தோம். ஒன்றும் தொடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போதுதான் உறைத்தது. குளிரில் விறைத்துக் கிடக்கிற மீன் எதையும் துரத்தாது. வாய்க்கு நேரே வந்தால்தான் கவ்வும்.

சனிக்கிழமை நரம்பில் ஈயக் குண்டு சேர்த்தேன். ஆள் நடக்கிற வேகத்தில் பாதிதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "இத்தவிட மெதுவா போனா தெப்பம் பின்னால பூடும் மேடம்" என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனாலும் சொன்னபடி செய்தார். மூன்றாவது சுற்றில், கருவேல மரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நரம்பு கனத்தது. பாசியில் மாட்டியதுபோல இருந்தது. அடுத்த கணமே அது பாசி இல்லை, உயிர் என்று கைக்குத் தெரிந்தது. நான் யோசிக்கவே இல்லை. என் வலது கை தானாகச் சடாரென்று பின்னால் போனது.

பெரிய தலை ஒன்று தண்ணீருக்கு மேல் வந்து புரண்டது. கறுப்பு முதுகும் பக்கத்தில் பட்டை பட்டையாக வரியும் தெரிந்தன. என் கை நீளத்துக்கு இருந்தது. அவ்வளவுதான். தகடு வெறுமனே திரும்பி வந்தது.

"யக்கா! இன்னாக்கா, கெணத்துல வாளி இழுக்குற மாரி இழுத்துட்டே!" என்று ஏரிக்காரர் கழியைத் தெப்பத்தில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அதுவரை மேடமாக இருந்தவள் அந்த நிமிஷத்திலிருந்து அக்காவாகிவிட்டேன். "விராலு மொதல்ல வாயில சும்மா வெச்சிப் பாக்கும்க்கா. உள்ள வாங்குற வரைக்கும் உடணும். டைம் குடுக்கணும் அதுக்கு."

அது எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகச் சின்ன விரால்களை அப்படி விட்டுத்தான் பிடித்திருக்கிறேன். ஆனால் தெப்பம் ஓடிக்கொண்டிருந்தது, நரம்பு பின்னால் கிடந்தது, கைக்கு ஏரி மறந்துவிட்டது. சீலாவுக்குத்தான் கவ்விய நொடியில் இழுக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா எத்தனையோ நாள் வீசிக்காட்டிய அதே வீச்சு, என்னை வள்ளத்தில் ஏற்றாத மனுஷனின் வீச்சு, எனக்குள்ளே இருந்திருக்கிறது. அழுகையும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்துக் கிடந்தார். காலையில் வைத்த இட்லி அப்படியே இருந்தது.

"எங்க போன?"

"ஏரிக்கு. உங்களுக்கு விரால் பிடிக்க."

"கரையில நின்னா?"

"தெப்பத்துல போய். பின்னால இழுத்துக்கிட்டே."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "பொம்பளையா?"

"ஆமா, பொம்பளைதான். மீனுக்கு அது தெரியலை."

"கெடச்சுதா?" என்றார்.

"வாயில வந்தது போச்சு."

"சடக்குன்னு இழுத்திருப்ப."

"உங்களைப் பாத்துதான்!" என்று கத்திவிட்டேன். வயிற்றில் கட்டோடு கிடக்கிறவரிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்குக் கொண்டுவந்தா சாப்பிடணும். துப்பக் கூடாது. திங்கக்கிழமை டாக்டர் கத்தியை எடுத்துருவார்ப்பா" என்றேன்.

"உசுரோட கொண்டுவா. பாப்பம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போகவில்லை. மாலைப் பூசைக்குப் போய்க்கொள்ளலாம் என்று மாதாவிடம் சொல்லிவிட்டு ஏரிக்கு வந்தேன். முந்தின நாளைவிடப் பனி அதிகம். ஏரிக்காரர் இரண்டு கிளாஸ் டீயோடு தயாராக நின்றார். அவருக்கும் வீம்பு வந்துவிட்டது. பகைக்காரனை நேரில் பார்த்துவிட்டார் அல்லவா.

போட்ட தகட்டையே போட்டால் வராது என்று தோன்றியது. தகட்டைக் கழற்றிவிட்டு விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் மீனைக் கட்டினேன், ஈயத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். மதகடியில் வளையம் வரும்வரை தெப்பத்தை நகர்த்தவே விடவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போயின. கடைசியில் வந்தது. "இப்ப" என்றேன். அவர் கழியைச் சேற்றில் ஊன்றி ஊன்றி, சத்தமில்லாமல் நகர்த்தினார். நான் கம்பை இடது கையில் பிடித்து முழங்கால்களுக்கு நடுவே அண்டக் கொடுத்தேன். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கையை நம்புவதற்கில்லை.

"இன்னாக்கா இது?"

"பேசாதீங்க."

மரத்துக்குப் பத்தடி முன்னால் நரம்பு கனத்தது. வலது கை தொடைக்கு அடியில் துடித்தது, நான் எழவில்லை. இடது கையால் ரீலைத் திறந்து நரம்பை விட்டேன். எவ்வளவு நேரம் விடுவது? எனக்குத் தெரிந்த ஒரே அளவு ஜெபம்தான். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று வாய்க்குள் தொடங்கினேன். நரம்பு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. பாதி ஜெபத்தில் நின்றது. துப்பிவிட்டது என்று நினைத்தேன். ஏரிக்காரர் கண்ணாலேயே இழு, இழு என்றார். நான் இழுக்கவில்லை. மறுபடி நகர்ந்தது, இந்தத் தடவை வேகமாக. "எங்கள் மரண நேரத்திலும்" என்று வந்து, ஆமென் சொல்லி, ரீலை மூடி, இரண்டு கையாலும் கம்பைத் தூக்கினேன்.

மரத்தடியை நோக்கிப் போனது. விடவில்லை. திரும்பித் தெப்பத்துக்கு அடியில் பாய்ந்தது. நரம்பு மூங்கில் கழியில் உரசியது. நான் சொல்வதற்கு முன்பே அவர் கழியை உருவித் தெப்பத்தில் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார், தெப்பம் கேட்பாரில்லாமல் சுற்றியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள் இரண்டும் கழன்றுவிடும்போல ஆனது. கடைசியில் அது பக்கத்தில் வந்து வாயைத் திறந்து ஒரு வாய் காற்றுக் குடித்தது. அந்த நேரத்தில் மப்ளரை அவிழ்த்து அதன் மேல் போட்டு, அப்படியே சுருட்டி, கட்டிப் பிடித்துத் தெப்பத்துக்குள் விழுந்தேன். மேலெல்லாம் தண்ணீர், வழவழப்பு. ஏரிக்காரர் எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கத்தினார்:

"எங்க அக்கா புட்ச்சிட்ச்சிடா!"

பனியில் கரையில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. யாரோ விசில் அடித்தார்கள். கையில் மீனோடு அவர் எடுத்த போட்டோவில் என் முடி முகத்தில் ஒட்டியிருக்கிறது, பல் முப்பத்திரண்டும் தெரிகிறது. அதைவிட நல்ல போட்டோ எனக்கு இல்லை, கல்யாணப் போட்டோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெயிண்ட் வாளியில் தண்ணீர் விட்டு, மூடியில் ஓட்டை போட்டு, ஸ்கூட்டரில் கால் நடுவே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விரால் லேசில் சாகாது. மூன்று மாடி ஏறி, அப்பாவின் கட்டில் பக்கத்தில் வாளியை வைத்து மூடியைத் திறந்தேன். அப்பா ஒருக்களித்து எழுந்தார். எழக் கூடாது என்று சொல்லியிருந்தது. எட்டிப் பார்த்தார். கையை உள்ளே விட்டுச் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தது.

"எத்தன பாகம் விட்ட?" என்றார்.

பாகம் என்பது கடற்கரையில் கயிற்றை அளக்கிற கணக்கு, இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அந்தக் கேள்வியை அவர் வள்ளத்துக்காரர்களிடம் கேட்பதை ஆயிரம் தடவை காதால் கேட்டிருக்கிறேன். என்னிடம் கேட்டதில்லை. மனசுக்குள் கையை விரித்துப் பார்த்து, "பத்து இருக்கும்" என்றேன்.

"ஈயம்?"

"போட்டேன்."

"ம்" என்றார்.

காயத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து நான்கு நாள் அந்த விரால்தான் வீட்டில். திங்கட்கிழமை கட்டுப் பிரித்த டாக்டர், கசிவு குறைந்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். பொங்கலுக்குள் மூடிவிட்டது. டாக்டர் தன் மாத்திரையால் என்கிறார், கீழ்வீட்டு அக்கா விராலால் என்கிறார். எனக்கு அதில் வழக்கு இல்லை. அவர் சாப்பிட ஆரம்பித்தார், எனக்கு அது போதும். நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

ஏரிக்காரர் குழம்பு வைக்க வரவில்லை, அதை நானும் எதிர்பார்க்கவில்லை. கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து வழவழப்பெடுத்து, மிளகும் மல்லியும் பூண்டும் அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்தேன். கணவருக்கு அன்று ஷிப்ட். அப்பாவும் நானும் மட்டும். கட்டிலில் சாப்பிட மாட்டேன், மேசைக்கு வருகிறேன் என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து உட்கார்ந்தார். சோறு போட்டு, பழக்கத்தில், சட்டியிலிருந்து தலையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். பெரிய தலை, தட்டில் பாதி அதுவே.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. இவ்வளவு செய்தும் துப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"பிடிச்சது யாரு?" என்றார்.

"நான்தான்."

"பெறவு இத எனக்கு எதுக்கு வைக்க?"

இரண்டு கையாலும் தலையைத் தூக்கி, குழம்பு சொட்டச் சொட்ட, என் தட்டில் வைத்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கிருந்து தின்ன ஆரம்பிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "கன்னத்துல இருந்து தொடங்கு, அங்கதான் சதை நல்லா இருக்கும்" என்றார். கன்னத்தைப் பிட்டு வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. கை முழுக்கக் குழம்பாக இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

அவர் தன் வெறும் சோற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"வால் கெடந்தா எனக்குப் போடு" என்றார்.